யாருக்குத் தண்டனை?

ராஜஸ்தான் மாநிலம் அஜ்மீரில் 1992-ஆம் ஆண்டு வெளிச்சத்துக்கு வந்த பாலியல் கொடுமை வழக்கில், ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை விதித்து அங்குள்ள போக்சோ சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 ஆகஸ்ட் மாதத்தில்தான். பள்ளி, கல்லூரி மாணவிகளை ஆபாசமாகப் படமெடுத்து, அந்தப் படங்களைக் காட்டியே மிரட்டிச் சீரழித்த கும்பல் மீதான வழக்கு அது. அன்றைய மாணவிகள் நடுத்தர வயதைக் கடக்கும்வரை, 32 ஆண்டுகள் வழக்கு நீடித்திருக்கிறது.

குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் ஒரே நேரத்தில் பிடிபடவில்லை என்பதே இதற்கு முக்கியக் காரணம். 1998-இல் எட்டுப் பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2001-இல் அவர்களில் நால்வரை உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2003-இல் மற்ற நால்வரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் பத்து ஆண்டுகளாகக் குறைத்தது. தலைமறைவானவர்கள் பின்னர் ஒவ்வொருவராகச் சிக்கியபோது, புதிய வாழ்வைத் தொடங்கிவிட்ட பெண்களுக்கு மீண்டும் மீண்டும் அழைப்பாணை சென்றது. சிலர் பிறழ் சாட்சிகளானதில் வியப்பென்ன?

அன்று தனிச் சட்டம் இல்லை என்று சமாதானம் கூறலாம். இன்று இருக்கிறது. 2012 மே மாதம் நாடாளுமன்றம் நிறைவேற்றி, அதே ஆண்டு குழந்தைகள் தினமான நவம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம், சிறப்பு நீதிமன்றம் வழக்கை ஏற்ற 30 நாள்களுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது. குழந்தையைத் திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது. எதிரியின் முன் நிறுத்தக் கூடாது. இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது.

ஆனால், இந்தக் கெடு மீறப்பட்டால் யார் பொறுப்பு என்பதைச் சட்டம் கூறவில்லை. வழக்குகள் தேங்கியதைக் கண்டு தாமாக முன்வந்து விசாரித்த உச்ச நீதிமன்றம், நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகள் உள்ள மாவட்டங்களில் தனி நீதிமன்றம் அமைக்குமாறு 2019 ஜூலையில் உத்தரவிட வேண்டியிருந்தது. அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்திய நாடாளுமன்றம், கடும் குற்றங்களுக்கு மரண தண்டனை வரை வகை செய்தது. தண்டனையின் கடுமையில் காட்டிய அக்கறையை, அது உரிய காலத்தில் கிடைப்பதில் காட்டவில்லை என்பதை மறுப்பதற்கில்லை.

குற்றவாளி உறவினராகவோ அறிந்தவராகவோ இருக்கும் வழக்குகளில் ஒவ்வொரு வாய்தாவும் சமரசத்துக்கான அவகாசமாகிறது. மிரட்டலுக்கும் பணத்துக்கும் ஏழைக் குடும்பம் எத்தனை ஆண்டுகள் ஈடுகொடுக்கும்? அதற்காகவே 2020-ஆம் ஆண்டு விதிகளில் இடைக்கால இழப்பீட்டுக்கும், குழந்தைக்குத் துணைநிற்கும் ஆதரவாளர் நியமனத்துக்கும் வழி செய்யப்பட்டுள்ளது. இவை கேட்டுப் பெறும் சலுகைகளாக அல்லாமல், தாமாகவே கிடைக்கும் உரிமைகளாக வேண்டும்.

30 நாள் கெடு தவறும் ஒவ்வொரு வழக்கிலும் அதற்கான காரணத்தைச் சிறப்பு நீதிமன்றம் உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவ்விவரம் நாடாளுமன்றத்திலும் ஆண்டுதோறும் வைக்கப்பட வேண்டும். தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டுத் தலைமறைவானவர் இல்லாமலேயே கொடுங்குற்ற வழக்கை நடத்த, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இடமளிக்கிறது. அந்தப் பிரிவைத் தயங்காமல் பயன்படுத்தினால் இன்னொரு அஜ்மீரைத் தவிர்க்கலாம்.

குற்றம் இழைத்தவன் தலைமறைவாகத் திரிய, பாதிக்கப்பட்ட குழந்தை நீதிமன்றப் படியேறியே வளர வேண்டும் என்றால், தண்டனை அனுபவிப்பது யார்?