தலைக்கவச உலகும் மாயாவாதமும்

மெய்நிகர் விளையாட்டைப் பொருளாகக் கொண்ட அறிவியற் புனைகதைகள் சிலவற்றைப் பயின்ற நண்பர் ஒருவர், 'உலகம் பொய்யென்பது இப்பொழுது மேனாட்டார் வாயிலாகவும் உறுதிப்பட்டுவிட்டது. உலகம் உள்பொருளெனக் கூறும் நுங்கள் சித்தாந்தம் இனி என் செய்யும்?' என எம்மை வினவினார். அவர் ஒருவர் கூற்றேயாயின் இதனை எழுதப் புகுந்திரேம். 1999-ஆம் ஆண்டில் 'மேட்ரிக்ஸ்' என்னும் திரைப்படம் வெளிவந்த நாள்தொட்டு, மாயாவாதத்திற்கு அஃதொரு சான்று என்னும் பேச்சு கற்றாரிடையே உலவி வருதலான், அத்தகைய கதைகள் மெய்யாகவே யாது கூறுகின்றன என்பதனை ஆராய்தல் கடனாயிற்று. அவற்றைப் படியாமலே கடிந்தொதுக்குவாரும் நம்மவருள் உளர். அதுவும் நேரிதன்று; பூர்வபக்கத்தை அறியாது மறுப்பான் கூற்று அவையேறாது.

இவற்றுள் பெயர்பெற்றதொன்றை எடுத்துக்கொள்வாம். ஜப்பான் நாட்டு ரெக்கி கவஹாரா எழுதி 2009-இல் நூலாக வெளிவரத் தொடங்கிய 'ஸோர்ட் ஆர்ட் ஆன்லைன்' என்பது அது. கதை 2022-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 6-ஆம் நாள் தொடங்குகின்றது. மூளையொடு நேரே தொடர்புகொள்ளும் தலைக்கவசத்தை அணிந்து ஏறத்தாழ 10,000 பேர், 100 அடுக்குகளை உடைய வான்கோட்டையொன்றனுள் விளையாடப் புகுகின்றனர். புகுந்தபின், வெளியேறுதற்குரிய பொத்தான் அங்கில்லை என்பதனைக் காண்கின்றனர். விளையாட்டை ஆக்கிய கயாபா அகிஹிக்கோ என்பான் அவர்முன் தோன்றி, நூறு அடுக்கையும் வென்றாலன்றி விடுதலையில்லை எனவும், உள்ளே மாண்டாரது மூளையைக் கவசத்தினின்றெழும் நுண்ணலை எரித்துவிடும் எனவும், புறத்தே உள்ளார் அதனைக் கழற்ற முயலினும் அதுவே நிகழும் எனவும் அறிவிக்கின்றான். இரண்டாண்டினுள் ஏறத்தாழ 4,000 பேர் மடிகின்றனர்.

இதனைப் படித்தார் பலர், 'இறப்பு மெய்யானமையின் அவ்வுலகும் மெய்யாயிற்று. ஆகவே மெய்யென்றும் பொய்யென்றும் வேற்றுமை கூறுதல் வீண்' என முடிவு செய்கின்றனர். யாம் கேட்பது ஒன்றே: அம்மக்களைக் கொன்றது எது? கோட்டையுள் வீசப்பட்ட வாளோ? அன்று, நுண்ணலையை உமிழ்ந்த கவசம். கவசமோ கோட்டையுள் இல்லை. மருத்துவமனைக் கட்டிலிற் கிடந்த உடம்பின் தலைமேல் இருந்தது. அவ்வுடம்பிற்கு உணவேற்றுவாரும் துடைப்பாரும் புரட்டிக் கிடத்துவாரும் புறத்தே இருந்தமையாலன்றோ உள்ளிருந்தார் இரண்டாண்டு வாள்வீசி நின்றனர்? மின்னாற்றல் அற்றவழிக் கோட்டை நில்லாது. கோட்டை அழிந்தவழி மின்னாற்றலுக்கு யாதொரு குறைவுமில்லை. ஆகவே, அக்கோட்டை தனக்கென ஓர் உண்மையுடையதன்று. கொல்லும் வலிமையைக்கூடப் புறவுலகினின்று கடன் வாங்கியது. உலகம் பொய்யென நாட்டவந்த கதை, உலகின்றிப் பொய்யும் நில்லாதென நாட்டி முடிந்தது.

'கயிற்றின்றி அரவு தோன்றாது என்பது எமக்கும் உடன்பாடே. கயிறுபோல்வது பிரமம்' என மாயாவாதியார் கூறுவர். கூறுக. ஆயின் இக்கதையில் கயிறாய் நிற்பன கம்பியும் மின்னும் கட்டிலும் மூளையும் ஆகிய சடப்பொருள்கள் அல்லவோ? அறிவே வடிவாய பொருளொன்று ஈண்டு எங்ஙனம் போந்தது? மேலும், மயங்கினார் பதினாயிரவர், மயக்கினான் ஒருவன், மயக்கிய கருவி வேறொன்று. இவை தம்முள் வேறாதலைக் கதை எந்த இடத்தும் மறுக்கவில்லை. ஓரான்மாவே உளதென்பார்க்கு இதனுள் ஒதுங்க நிழலில்லை.

இனி, கனடா நாட்டு டேவிட் கிரானென்பர்க் இயக்கி 1999-இல் வெளிவந்த 'எக்ஸிஸ்டென்ஸ்' என்னும் படம் இதனினும் ஆழமானது என்பது எம் கருத்து. அதனுள் முதுகந்தண்டிற் றுளையிட்டு, தசையாலாய கருவியைக் கொப்பூழ்க்கொடி போன்றதொன்றால் இணைத்து விளையாடுகின்றனர். ஒரு விளையாட்டினுள் மற்றொன்று, அதனுள் வேறொன்று எனச் செல்ல, எது முதல் எது இறுதி என்பது அறியவொண்ணாதாகின்றது. முடிவில், துப்பாக்கிமுனையில் நிற்கும் ஒருவன், நாம் இன்னும் விளையாட்டினுள்தான் இருக்கின்றோமோ என்று கேட்கின்றான். விடையின்றிப் படம் முடிகின்றது. அன்பர்கள் இதனை உற்றுநோக்குக. ஐயம் யாரிடம் தோன்றிற்று? கொல்லப்படுதற்கு முன்னின்றவனிடம். கொல்ல வந்தாரோ கருவி ஏந்தியபடியே நிற்கின்றனர். எதிர்நிற்பான் மெய்யோ தோற்றமோ என்னும் வழக்கு முடியுமுன்னரே முந்திய கொலை நிகழ்ந்துவிட்டது. எல்லாம் தோற்றமென்பது ஏட்டளவில் உயர்ந்த தத்துவம்போல் ஒலிப்பினும், கையில் கருவியுடையான் வாயில் அது யாதாகும் என்பதனை அவ்வியக்குநர் காட்டிவிட்டார்.

மெய்யியலாருள், ராபர்ட் நோசிக் 1974-இல், வேண்டும் இன்பமெல்லாம் தரும் பொறியொன்று இருப்பின் அதனுள் வாழ்நாள் முழுதும் கிடப்பீரோ என வினவி, மாட்டோம். யாம் வேண்டுவது செய்ததுபோன்ற உணர்வையன்று, செய்தலையே என விடையிறுத்தார். டேவிட் சால்மர்ஸ் என்பார் 2022-இல் வெளியிட்ட நூலில், மெய்நிகர்ப் பொருள்கள் மாயத்தோற்றமல்ல, கணிப்பொறியுள் எண்வடிவாய் நிற்கும் உள்பொருள்களே என்றார். அவ்வளவில் அவர் கூற்று நமக்கு உடன்பாடே. கணிப்பொறியும் அதனுள் ஓடும் மின்னும் மாயையின் காரியமே ஆதலின் அவற்றை இல்பொருள் என யாம் கூறோம். உள்ளதாதல் வேறு, உயிர்க்குத் துணையாதல் வேறு என்பதனைப் பகுத்துணராமல், அங்கும் நிறைவாழ்வு எய்தலாம் என அவர் மேலே செல்லும் இடத்தில்தான் யாம் பிரிகின்றோம். அவர் நூல் மாயாவாதிக்குத் துணை என்று எண்ணுவார் அதனைத் திறந்து பார்த்திலர் என்க.

இனி எம்மை வருத்தும் தடையொன்று உளது. 'உம் இறைவனும் ஒரு கயாபா அல்லனோ? கேளாமலே உடம்பினுட் புகுத்தினான்; வெளியேறும் பொத்தானை வைத்திலன்; உள்ளே இறப்பையும் வைத்தான்' என்பது அது. இளைஞர் பலர் உள்ளத்தில் இவ்வினா உளது, நகைத்துத் தள்ளற்பாலதன்று. விடை கூறுவாம். கயாபாவால் அடைக்கப்பட்டார் அதற்கு முன் பகலொளியில் உலவினார், பள்ளி சென்றார், தாய்தந்தையரொடு உண்டார். அவ்வொளியை அவித்து இருளிற் புகுத்தினான் அவன். சித்தாந்தத்திலோ உயிர் உடம்பெடுக்குமுன் கட்டற்று ஒளியில் இருந்ததன்று; அநாதியே ஆணவ இருளில் அறிவு விளங்காது கிடந்தது. தனு கரண புவன போகங்கள் அவ்விருளில் ஏற்றிய விளக்காம். விளக்கு பகலவனாகாதெனினும், அதனை ஏற்றினானைச் சிறைசெய்தான் என்றல் முறையோ? வெளியேறும் வாயில் இல்லை என்பதும் பொருந்தாது. மலம் பரிபாகமுற்ற உயிரை எடுத்தற்கென்றே ஐந்தொழிலும் நிகழ்கின்றன. கயாபா அவ்வுலகைச் செய்தது எற்றுக்கு? இளமையில் தான் கனவுகண்ட வான்கோட்டையைக் காண்டற்கு எனக் கதையிற் றானே கூறுகின்றான். பிறர் உயிரைத் தன் கனவிற்கு விறகாக்கினான். தன்பொருட்டுச் செய்வானையும் உயிர்ப்பொருட்டுச் செய்வானையும் ஒரு தட்டில் நிறுத்தல் ஆகாது. அநாதி இருள் என்பதனையே ஒப்பாதார்க்கு இவ்விடை போதாது என்பதும் அறிவேம். அவரொடு வழக்கு ஆணவத்தின் உண்மையினின்று தொடங்கல் வேண்டும்.

கதை கதையளவில் நில்லாமையும் கூறவேண்டியுள்ளது. 2014-இல் பேஸ்புக் நிறுவனம் விலைகொண்ட ஆக்குலஸ் என்னும் தலைக்கவச நிறுவனத்தைத் தோற்றுவித்தாருள் ஒருவரான பால்மர் லக்கி, கதை குறித்த அந்நாளிலேயே, அஃதாவது 2022 நவம்பர் 6-இல், விளையாட்டில் தோற்றால் அணிந்தானைக் கொல்லுமாறு வெடிமருந்து பொருத்திய கவசமொன்றைச் செய்திருப்பதாக அறிவித்தார். உயிரையே பணயம் வைத்தாலன்றி விளையாட்டு மெய்யாகத் தோன்றாது என்னும் எண்ணமே அவரை ஈர்த்தது. எனினும், தாமே அதனை அணியும் துணிவு தமக்கு இன்னும் வரவில்லை என்றும், இப்பொழுதைக்கு அஃது அலுவலகத்தில் வைக்கும் காட்சிப்பொருளே என்றும் உடன்கூறினார். அத்துணிவின்மையை யாம் போற்றுகின்றேம்.

ஆயின் கொல்லாத கவசம் தீங்கற்றது என எண்ணற்க. அமெரிக்கரான ஸ்டான்லி வைன்பாம் 1935-இல் எழுதிய 'பிக்மேலியனின் கண்ணாடி' என்னும் கதையில் எவரும் இறக்கவில்லை. ஐம்பொறிக்கும் விருந்தாகும் கண்ணாடியை அணிந்த ஒருவன், இல்லாத காட்டில் கண்ட நங்கையின்பால் காதலுற்றுக் கழற்றியபின்னும் ஏங்கித் திரிகின்றான், அவ்வளவே. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்னும் நம் கொள்கைக்கு, மூளை எரியும் கதையினும் இவ்வேக்கமே அணித்தான எடுத்துக்காட்டு. உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்டு 2022 முதல் வழங்கும் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைநிலையும் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. அதற்கு வெடிமருந்தும் வேண்டா, நுண்ணலையும் வேண்டா. 'எல்லாம் பொய்தானே' என்னும் தத்துவத்தை அந்நோயாளன்முன் ஓதுவார் அவனுக்கு மருந்து தருகின்றாரோ, அவன் கிடக்கும் கட்டிலுக்கு மேலும் ஒரு மெத்தை இடுகின்றாரோ என்பதனை எம் நண்பர் எண்ணிப்பார்த்து எழுதுவாராக. அவர்தம் மறுமொழி வரின் அதனையும் இப்பக்கங்களில் ஆராய்வாம்.