பாவம், அந்த ஆடு!

கிரிக்கெட்டே கதி என்றிருக்கும் நம் வீடுகளில் பேஸ்பால் பற்றிப் பேச்செடுத்தால், "அது நமக்கெதற்கு?" என்பார்கள். ஆனாலும் சிகாகோ கப்ஸ் அணியின் கதை யாருக்கும் புரியும். 1908-இல் பட்டம் வென்ற அந்த அணி, அடுத்த பட்டத்தை 2016-இல்தான் வென்றது. நடுவே 108 ஆண்டுகள். நமக்கு 108 என்றால் அர்ச்சனை, அவர்களுக்கோ வேதனை!

இதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். 1945-இல் உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டிக்கு மதுக்கடைக்காரர் ஒருவர் தம் ஆட்டையும் கூட்டி வந்தாராம். நாற்றம் தாங்கவில்லையென்று விரட்டிவிட்டார்களாம். அவர் விட்ட சாபமாம். அந்தத் தொடரில் கப்ஸ் தோற்றது உண்மை. அதன்பின் 71 ஆண்டுகள் உலகத் தொடர் பக்கமே அவர்கள் போகவில்லை என்பதும் உண்மை. ஆனால் 1908-க்குப் பின், அந்த ஆடு வருமுன்பே, ஆறு முறை இறுதிவரை போய்த் தோற்றிருக்கிறார்களே, அதற்கு எந்த ஆடு காரணம்?

நிர்வாகத்தைப் பாருங்கள். சூயிங்கம் வியாபாரியான உரிமையாளர் ரிக்லி, 1961-இல் மேலாளர் என்று ஒருவரே வேண்டாம், பயிற்சியாளர்கள் முறை வைத்து அணியை நடத்தட்டும் என்றார். 1962-இல் 103 ஆட்டங்களில் தோல்வி. இது சாபமா?

சாபம் என்று ஒன்றைச் சொல்லியே தீர வேண்டுமென்றால், நான் ஆரம்ப காலத்துக்குப் போவேன். 1876-இல் நேஷனல் லீக் தொடங்கியபோதே இருந்த அணி இது. அப்போது 'வெள்ளைக் காலுறை' என்று பெயர். முதல் ஆண்டே முதலிடம். கேப் ஆன்சன் தலைமையில் 1880 முதல் 1886-க்குள் மேலும் ஐந்து பட்டங்கள். அந்த ஆன்சன்தான் 1883-இல் டொலிடோ நகரில், எதிரணியில் வாக்கர் என்ற கறுப்பின வீரர் இருந்தால் ஆட மாட்டேன் என்று முரண்டு பிடித்தவர். வசூலில் பங்கு கிடைக்காது என்றதும் ஆடினார் என்பது வேறு விஷயம்! ஆனால் அவரைப் போன்றோரின் பிடிவாதத்தால், சில ஆண்டுகளுக்குள் கறுப்பின வீரர்களுக்குப் பெரிய அணிகளின் கதவு அடைபட்டது. 1947-இல்தான் அது திறந்தது. கப்ஸ் அணிக்கு எர்னி பேங்க்ஸ் வந்தது 1953-இல். 19 பருவங்கள், 512 ஹோம் ரன்கள். ஒரு முறைகூட உலகத் தொடரில் ஆடக் கொடுத்துவைக்கவில்லை அந்த மனிதருக்கு.

2016 வெற்றியும் பரிகாரத்தால் வந்ததல்ல. 2011-இல் தியோ எப்ஸ்டீன் பொறுப்பேற்று, அடுத்த ஆண்டு 101 தோல்விகளைப் பொறுத்துக்கொண்டு, இளைஞர்களைத் தேடிப் பிடித்து வளர்த்ததன் பலன். கிளீவ்லாண்டிடம் 1-3 என்று பின்தங்கி, மீதி மூன்றையும் வென்றார்கள். ஏழாவது ஆட்டத்தில் முதலில் மட்டை பிடித்த டெக்ஸ்டர் ஃபௌலர் ஹோம் ரன் அடித்தே தொடங்கினார். உலகத் தொடரில் கப்ஸ் உடையணிந்து ஆடிய முதல் கறுப்பின அமெரிக்கர் அவர். பத்திரிகைகள் ஆட்டைப் பற்றி எழுதிய அளவுக்கு இதைப் பற்றி எழுதவில்லை என்பது என் குறை. நடுவில் 17 நிமிட மழை வேறு! பத்தாவது இன்னிங்ஸில் 8-7 என்று முடிந்தது.

அன்றைக்கு சிகாகோவில் அவர்களுடைய மைதானத்தின் செங்கல் சுவரில் ரசிகர்கள் சாக்கட்டியால் பெயர்களை எழுதத் தொடங்கினார்கள். இந்த நாளைக் காணாமலே போய்விட்ட அப்பா, தாத்தா, பாட்டியின் பெயர்கள். கை எட்டிய உயரம் வரை சுவரில் இடமில்லை.

பேங்க்ஸும் 2015 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.