வெட்டுத் துணிப் போர்வை: துணி மலிவுதான், உழைப்புமா மலிவு?

ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளை மூட்டையாக எடுத்துக் கிலோக் கணக்கில் விற்பது நம்மவர்களுக்குப் புதிய வியாபாரம் அல்ல. கராஜ்களில் எண்ணெய் துடைக்கவும், கால்மிதி பின்னவும், தலையணைக்குள் அடைக்கவும் அந்தத் துண்டுகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அதே துண்டுகளைக் கொண்டு வீட்டிலிருந்தபடியே போர்வை தைக்கும் பெண்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். தைத்ததை விற்பதற்கு அவர்கள் நமது புடவைக் கடைகளுக்குத்தான் வருகிறார்கள். இந்த வாரம் அந்தப் போர்வையைப் பற்றியும், அதற்கு நாம் கொடுக்கும் விலையைப் பற்றியும் எழுத விரும்புகிறேன்.

நான் சொல்வது, அமெரிக்காவில் ‘ராக் குவில்ட்’ என்று அழைக்கப்படும் வகை. துணியைச் சதுரமாக வெட்டி, மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் சற்றுச் சிறிய மெத்தென்ற துணி ஒன்று என்று அடுக்கி, மூலைக்கு மூலை குறுக்காகத் தைப்பார்கள். பிறகு சதுரங்களை ஒன்றோடொன்று இணைக்கும்போது தையல் விளிம்பை உள்ளே மறைக்காமல் மேற்பக்கம் தெரிய விடுவார்கள். அந்த விளிம்பை அரை அங்குலத்துக்கு ஒரு தரம் கத்தரிக்கோலால் நறுக்கி, இரண்டு தரம் கழுவி உதறினால் விளிம்பெல்லாம் பிசிறு விட்டுப் பூப்போல விரியும். கழுவக் கழுவ மென்மை கூடும். கைத்தையல் நுணுக்கம் வேண்டியதில்லை. நேர்த்தையல் போடத் தெரிந்த எவரும் சாதாரண தையல் மெஷினில் செய்யலாம். ஆகவேதான் இது வீட்டுத் தொழிலுக்கு மிகப் பொருத்தமானது என்கிறேன்.

ஆனால் போர்வையோடு கடைக்கு வரும் பெண்ணுக்கு நம்மவர்கள் பலர் சொல்வது இரண்டு வசனங்கள்தான். ஒன்று, “கழிவுத் துணிதானே, இதற்கு என்ன பெரிய விலை?” மற்றது, “வைத்துவிட்டுப் போங்கள், விற்றால் காசு தருகிறேன்.” இந்த இரண்டு வசனங்களும் சேர்ந்து ஒரு நல்ல தொழிலை முளையிலேயே கிள்ளிவிடுகின்றன.

முதல் வசனத்தை எடுத்துக்கொள்வோம். வியாபாரி என்றால் கணக்குப் பார்க்க வேண்டும் அல்லவா? ஒரு சின்னப் பிள்ளைக்கான போர்வை. அகலத்துக்கு 6, நீளத்துக்கு 7 என்று 42 சதுரங்கள். ஒவ்வொன்றும் 8 அங்குலம். தையலுக்கு அரை அங்குலம் போனால் முடிவில் ஏறத்தாழ 42 அங்குல அகலமும் 49 அங்குல நீளமும் வரும். இதற்கு 84 வெளிச் சதுரங்களும் 42 உட்சதுரங்களும் வெட்ட வேண்டும். அதாவது தையல் மெஷினில் உட்காருவதற்கு முன்னரே 126 துண்டுகள். பிறகு 42 அடுக்குகளுக்கும் குறுக்குத் தையல், வரிசை வரிசையாக இணைப்பு, சுற்றி ஓர் ஓரத்தையல். அதற்கும் பிறகுதான் நறுக்கும் வேலை. உள்ளே இருக்கும் விளிம்பும் ஓரமும் சேர்த்து 690 அங்குலத்துக்கு மேல் வரும். அரை அங்குலத்துக்கு ஒன்று என்றால் கிட்டத்தட்ட 1,400 வெட்டுகள். ஒரு வெட்டு கை தவறித் தையலைத் தொட்டுவிட்டால் அந்த இடம் கழுவும்போது பிரிந்துவிடும். விரல் வீங்கும் வேலை இது. துணி கழிவாக இருக்கலாம். இந்த 1,400 வெட்டுகளும் கழிவா?

பழகிய கைக்கும் இது இரண்டு நாள் வேலை. 2025 ஏப்ரலில் நமது நாட்டின் குறைந்தபட்ச நாட்கூலி 1,080 ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 1,200 ரூபாவாகவும் சட்டப்படி உயர்த்தப்பட்டது. துண்டுக்கு இவ்வளவு என்று வீட்டிலிருந்து தைப்பவரின் வாசலுக்குப் போய் யாரும் அந்தச் சட்டத்தைக் கொண்டு அளந்து பார்ப்பதில்லை. இருந்தாலும் நமக்கு அது ஒரு நியாயமான அளவுகோல். இரண்டு நாளுக்கு 2,400 ரூபா. துணி, நூல், ஊசி, மின்சாரம், சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் 600 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அடக்கம் 3,000 ரூபா. கடைக்காரர் தனது வாடகை, செலவு, இலாபம் சேர்த்து 4,200, 4,500 என்று விற்றால் யாருக்கும் அநியாயம் இல்லை.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். “கழிவுத் துணிதானே” என்று சொல்லி அதே போர்வையை 1,500 ரூபாவுக்குக் கேட்கிறோம். அவருடைய கைச்செலவு 600 போக மிஞ்சுவது 900. நாளொன்றுக்கு 450 ரூபா. அதுவும் கையில் கிடைப்பது போர்வை விற்ற பிறகு. இந்தக் கூலிக்கு ஒருவர் எத்தனை போர்வை தைப்பார்? மூன்றாவதில் சதுரத்தைப் பெரிதாக்குவார், உட்துணியை விடுவார், நறுக்குவதை அங்குலத்துக்கு ஒன்று என்று குறைப்பார். ஐந்தாவதோடு நிறுத்திவிடுவார். நாமோ “நம்ம ஆட்களிடம் தரம் இல்லை” என்று சொல்லிவிட்டு இறக்குமதிச் சரக்குக்குத் திரும்பிவிடுவோம்.

இரண்டாவது வசனம் இதைவிடக் கெடுதி. வெளிநாட்டிலிருந்து பொலியெஸ்டர் போர்வை எடுக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? முகம் தெரியாத கம்பனிக்கு முற்பணம் அனுப்புகிறோம். வங்கியில் எல்.சி. திறக்கிறோம். சரக்குக் கப்பலில் ஏறுவதற்கு முன்னரே நமது காசு ஏறிவிடுகிறது. அடுத்த தெருவில் இருக்கும் பெண்மணியிடம் மட்டும் மூன்று மாதக் கடன் கேட்கிறோம். கொள்கலன் கணக்கில் அனுப்புகிறவனுக்குக் கைக்காசு, நூற்கட்டை வாங்கக் காசில்லாதவருக்குக் கடன்! இதில் எங்கே வியாபார நியாயம் இருக்கிறது?

இந்த இடத்தில் பங்களாதேஷைப் பார்ப்பது பயன் தரும். அங்கே பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் ‘காந்தா’ போர்வை கிராமத்துப் பெண்களின் பரம்பரைக் கைவேலை. இன்று டாக்காவின் பெரிய கடைகளில் நல்ல விலைக்குப் போகும் பொருள் அது. அந்தக் கடைகளில் முன்னணியில் இருக்கும் ‘ஆரோங்’ 1978 இல் ‘பிராக்’ நிறுவனத்தால் தொடங்கப்பட்டது. தொடங்கிய காரணம் கவனிக்கத்தக்கது. மாணிக்கஞ்ச் பகுதிப் பெண்கள் பட்டு உற்பத்தி செய்து டாக்காக் கடைகளுக்குக் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் காசு கொடுக்க வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். சரக்கைக் கையளித்தவுடன் பணம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் கடை திறக்கப்பட்டது. உடனே காசு கொடுத்ததால் அந்தக் கடை நொடித்துப் போகவில்லை. நாட்டின் மிகப் பெரிய கைவினை வியாபாரமாக வளர்ந்தது. இழுத்தடித்த கடைகளின் பெயரை இன்று யார் அறிவார்?

“இந்த வெயிலில் போர்வை யாருக்கு?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மட்டக்களப்பிலும் புத்தளத்திலும் மே மாதத்தில் போர்வை விற்க முடியாது. ஆனால் கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் இருக்கும் நுவரெலியாவில் ஜனவரி இரவுகளின் குளிரை அங்கே தங்கியவர்கள் அறிவார்கள். பண்டாரவளை, ஹப்புத்தளை, எல்ல என்று உல்லாசப் பயணிகள் தங்கும் இடங்கள் மலைநாடு முழுவதும் இருக்கின்றன. கையால் செய்த ஒரு பொருளை ஊருக்குக் கொண்டுபோக விரும்புகிறவர்கள் அவர்கள். கொழும்பில் ஏ.சி. அறை இருக்கிறது. பிள்ளை பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோகும் அன்பளிப்பு எல்லா ஊரிலும் இருக்கிறது. ஒன்றை மட்டும் வாங்குபவரிடம் சொல்லி விற்க வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை தூங்கும் தொட்டிலில் இப்படிப்பட்ட தளர்வான போர்வையைப் போடக் கூடாது என்பது மருத்துவர்களின் அறிவுரை. தரையில் விரித்துப் பிள்ளையை விளையாட விடுவதற்கு இது மிக நல்லது.

இறக்குமதிப் போர்வையோடு விலையில் போட்டி போட வேண்டாம். தோற்றுவிடுவோம். அது மெஷின் சரக்கு, ஆயிரத்தில் ஒன்று. இது கைவேலை, ஒன்றைப்போல் மற்றொன்று இராது. இரண்டையும் ஒரே அடுக்கில் வைத்து விற்பதே தவறு.

அப்படியானால் வியாபாரியின் வேலை என்ன? முதலாவது, துணி தெரிவு. இது நமக்குத்தான் கைவந்த கலை. நமது நாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் மூட்டைகளில் பாதியளவு பனியன் துணியாகவோ, இழுபடும் உள்ளாடைத் துணியாகவோ இருக்கும். அவை இந்தப் போர்வைக்கு உதவாது. நறுக்கினால் சுருளுமே தவிரப் பிசிறு விடாது. பொலியெஸ்டரும் அப்படித்தான், மெத்தென்று வராது. நெய்த பருத்தித் துணி, பிளனல், சேர்ட் துணி, டெனிம் ஆகியவைதான் வேண்டும். மூட்டையைப் பிரித்துத் தரம் பிரித்துக் கொடுப்பவரே இந்தத் தொழிலின் பாதிப் பாரத்தைச் சுமப்பவர். தீர்வையின்றி இறக்குமதியான துணியின் மிச்சத்தைத் தொழிற்சாலைக்கு வெளியே விற்பதற்கு அனுமதி நடைமுறைகள் உண்டு என்பதால் பற்றுச்சீட்டோடு வாங்குங்கள்.

இரண்டாவது, சாயம். ஒவ்வொரு கடும் நிறத் துணியிலும் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரு சிவப்புச் சதுரம் சாயம் விட்டால் 41 சதுரங்களும் பாழ்.

மூன்றாவது, அளவும் மாதிரியும். நன்றாகத் தைத்த ஒரு போர்வையைக் கடையில் மாதிரியாக வைத்துக்கொண்டு, சதுரம் இத்தனை அங்குலம், நறுக்கு இத்தனைக்கு ஒன்று, இரண்டு தரம் கழுவி உதறித் தர வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மாதிரிக்கு ஒத்து வராததைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கட்டும். ஒத்து வந்ததற்குப் பேரம் பேசும் உரிமை இருக்க வேண்டாம்.

நான்காவது, காசு. துணியை நீங்களே கொடுங்கள். நூலுக்கும் உட்துணிக்கும் சிறு முற்பணம் கொடுங்கள். போர்வை கைக்கு வந்த அன்றே மீதியைக் கொடுத்து முடியுங்கள். “காசு முடங்கிவிடுமே” என்று பயப்படுபவர் ஐம்பதுக்கு ஓடர் கொடுக்க வேண்டாம், ஐந்துக்குக் கொடுக்கட்டும். ஐந்து போர்வைக்கு முடங்குவது 15,000 ரூபா. நமது கடைகளின் பின்னறையில் போகாமல் கிடக்கும் பழைய சரக்கில் முடங்கியிருப்பது இதைவிட எத்தனையோ மடங்கு. ஐந்து விற்றால் அடுத்த தடவை பத்து. விற்காவிட்டால் அந்த நட்டம் சந்தையைக் கணிக்கும் வியாபாரியுடையது. கணிப்பதற்குத்தான் நாம் இலாபம் எடுக்கிறோம். இலாபம் நமக்கு, நட்டம் தைத்தவருக்கு என்றால் அதற்கு வியாபாரம் என்று பெயர் இல்லை.

வெளியே தொழிற்சாலைக்குப் போக முடியாமல், வீட்டில் ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெண்கள் நமது ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். கணவனை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரிசிப் பொதி கொடுக்கும்போது நமது கை தாராளமாக நீள்கிறது. அதே பெண் தைத்த போர்வைக்கு விலை கொடுக்கும்போது மட்டும் ஏன் சுருங்குகிறது? அவர் நம்மிடம் உதவி கேட்டு வரவில்லை, சரக்கோடு வந்திருக்கிறார்.

அடுத்த முறை யாராவது ஒரு வெட்டுத் துணிப் போர்வையை உங்கள் மேசையில் விரித்து வைத்தால், விலை சொல்வதற்கு முன்னர் அதன் ஓரத்தைக் கையில் எடுத்து ஓர் அடி நீளத்தில் எத்தனை வெட்டு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எண்ணி முடித்த பிறகு விலையைச் சொல்லுங்கள். சொன்ன விலையை அன்றே கொடுத்து அனுப்புங்கள்.