தண்டு பழுதா, கம்பி பழுதா?

கடந்த மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அயல்வீட்டு மாணவன் ஒருவன் துணிப்பையொன்றை அணைத்துக்கொண்டு எமது விறாந்தையில் வந்து நின்றான். உயர்தர வகுப்பிலே தொழினுட்பப் பிரிவில் பயில்பவன். வெளிநாட்டிலுள்ள அவனுடைய மாமன் வாங்கியனுப்பிய வானொலி விமானமொன்றை, உரிய அனுமதி பெற்று, அறுவடை முடிந்த கிளிநொச்சி வயல்வெளியிலே பறக்கவிடுவது அவனது பொழுதுபோக்கு. பையினுள் இருந்தது விமானமன்று. அதனைத் தரையிலிருந்து ஆட்டுவிக்கும் செலுத்திப் பெட்டி.

“மாமா, வலக்கைத் தண்டைத் தொடாமல் விட்டாலும் விமானம் சில வேளை தலைகுத்தாக இறங்கப் பார்க்கிறது. தண்டு பழுதாகிவிட்டதோ தெரியவில்லை,” என்றான்.

எனக்கு விமானம் தெரியாது. ஆனால் பழைய வானொலிப் பெட்டி தெரியும். 1990களில் வன்னிக்குள் பற்றறி கொண்டுவருவது தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோ தரும் மின்னிற் செய்தி கேட்ட தலைமுறை எங்களுடையது. அந்நாளில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகியைத் தொட்டதும் ‘கரகர’ என்று பெட்டி கத்தும். உள்ளே வளைந்து கிடக்கும் கரித்தடத்தில் தூசி படிந்திருக்கும். அல்லது தடம் தேய்ந்திருக்கும். அதைத் துடைத்தால் கத்தல் நின்றுவிடும்.

விமானச் செலுத்தியின் தண்டும் அத்தகைய திருகிகள் இரண்டைச் செங்குத்தாகப் பொருத்திய அமைப்பே என்பதை மூடியைக் கழற்றியதும் கண்டுகொண்டேன். தண்டை மேலுங்கீழும் அசைத்தால் ஒன்று திரும்பும். இடம் வலமாக அசைத்தால் மற்றையது திரும்பும். ஒவ்வொன்றும் மூன்று முனைகளையுடைய மாறுந்தடை. இரு ஓர முனைகளுக்கும் குறித்ததொரு வோல்ற்றளவு கொடுக்கப்படுகிறது. நடுமுனையோடு இணைந்த வழுக்குத் தொடுகை கரித்தடத்தின்மேல் ஊர்ந்து, தான் நிற்கும் இடத்து வோல்ற்றளவை எடுத்துச் சொல்கிறது. பௌதிகவியல் வகுப்பில் அழுத்தமானி என்று மாணவர்கள் படிப்பதன் தத்துவமே இது. பெட்டியிலுள்ள நுண்செயலி அந்த அளவை எண்ணாக்கி வானலையில் அனுப்ப, விமானத்திலுள்ள வாங்கி அதனைத் துடிப்பாக மாற்றிச் சேர்வோ என்னும் சிறு மோட்டாருக்குக் கொடுக்கிறது. துடிப்பின் நீளம் ஒன்றரை மில்லிசெக்கனாயின் சேர்வோ நடுவில் நிற்கும். ஒரு மில்லிசெக்கனாயின் ஒரு பக்கம் திரும்பும். இரண்டாயின் மறு பக்கம் திரும்பும்.

தண்டு அசையுமளவுக்கு விமானமும் திரும்புவது இன்று எவருக்கும் வியப்பைத் தருவதில்லை. நிக்கொலா தெஸ்லா 1898இல் நியூயோர்க்கில் வானொலியால் இயங்கும் படகைக் காட்டியபோது மக்கள் மலைத்துநின்றார்கள். அமெரிக்காவில் வால்ற்றர் குட், வில்லியம் குட் என்னும் சகோதரர்கள் 1930களின் பிற்பகுதியில் மாதிரி விமானத்துக்கும் வானொலியைப் பூட்டினார்கள். ஆயினும் அதன்பின் நெடுங்காலம் விமானக்காரரின் கையிலிருந்தது ஒரு பொத்தானே. ஒருமுறை அழுத்தினால் சுக்கான் முழுவதும் வலப்பக்கம். இருமுறை அழுத்தினால் முழுவதும் இடப்பக்கம். முறுக்கிவைத்த இறப்பர் பட்டி அந்தத் திருப்பத்துக்கு விசை தந்தது. ‘கொஞ்சம் வலம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை! அந்தக் ‘கொஞ்சத்தை’ 1960களில் பரவலாக்கியது இந்த மாறுந்தடைத் தண்டுதான்.

பழையபடி நமது பழுதுக்கு வருவோம். பெட்டியைத் திறக்குமுன் செய்யவேண்டியவை சில உண்டு. முதலாவது, விமானத்தின் விசிறியைக் கழற்றிவிடல் வேண்டும். மின்மோட்டார் எந்தக் கணத்திலும் சுழலக்கூடும். விரலுக்கு அது பகை. அடுத்து, குற்றம் தண்டினதுதானா என்று தேறவேண்டும். வாங்கியில் வால் தட்டின் சேர்வோவையும் சுக்கானின் சேர்வோவையும் இடம் மாற்றிச் செருகிப் பார்த்தோம். நலமாயிருந்த சுக்கான் சேர்வோ, வால் தட்டுக்குரிய இடத்துக்கு வந்ததும் தானும் துள்ளத் தொடங்கிற்று. ஆகவே சேர்வோ குற்றமற்றது. செலுத்தியின் திரையிலே ஒவ்வொரு தண்டின் நிலையையும் காட்டும் கோடுகள் உண்டு. தண்டைத் தொடாதபோதும் வால் தட்டின் கோடு துள்ளியதைக் கண்டபின் வாங்கியின்மீதும் ஐயம் நீங்கியது. செலுத்தியின் பற்றறி நிறைவாக இருந்தது. தண்டின் நடுநிலையையும் எல்லைகளையும் பெட்டிக்குப் புதிதாகக் கற்பிக்கும் அளவுதிருத்தத்தையும் செய்து பார்த்தோம், பயனில்லை.

பற்றறியைக் கழற்றி, ஆணிகளைச் சிரட்டையொன்றிற் போட்டுவைத்து, பின்மூடியை எடுத்தேன். சோளகக் காற்று அள்ளிவரும் தூசி எம்மூரில் அரிசிப் பானையையே விட்டுவைப்பதில்லை. இந்தத் திருகியை விடுமா? பல்மானியை எடுத்து மாறுந்தடையின் ஓர முனைகளில் வைத்தேன்: ஏறத்தாழ 5,000 ஓம், தண்டை எப்படி ஆட்டினாலும் மாறவில்லை. நடுமுனைக்கும் ஓர முனைக்கும் இடையே வைத்துத் தண்டை மெல்ல நகர்த்தினேன். முள் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. (இந்தச் சோதனைக்கு எண் காட்டும் புதிய மானியைவிட முள் உள்ள பழைய மானியே மேல். இடையில் ஒரு துள்ளல் இருந்தால் முள் காட்டிக்கொடுக்கும். எண்களோ மாறிக்கொண்டேயிருந்து கண்ணை ஏமாற்றும்.) தடை நலம் என்று மானி சொல்லியும் எனது பழைய அனுபவம் கேட்கவில்லை. மின் தொடுகைகளுக்கென விற்கப்படும் துப்புரவுத் திரவத்தில் இரு துளி விட்டு, தண்டை ஐம்பது தடவை ஆட்டி, மூடியைப் பூட்டினேன். துள்ளல் மறைந்தது. மாணவன் மகிழ்ந்தான். நானும் சற்றே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

இரண்டு ஞாயிறுகள் விமானம் ஒழுங்காகப் பறந்தது. மூன்றாவது ஞாயிறு, ஐம்பதடி உயரத்திலிருந்து திடீரென மூக்கைக் கீழே நாட்டி, வரம்பில் வந்து மோதிற்று. அந்த இடத்திலிருந்து பத்தடி தள்ளி, கன்றுக்குட்டியை அவிழ்த்துக்கொண்டு ஒரு சிறுமி நின்றாள். அவளுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் எனக்கு அன்று இரவு உறக்கம் வரவில்லை.

எங்கே தவறினேன்? மாணவனே அதனைக் கண்டுபிடித்தான். “தூசியென்றால், மாமா, அங்குமிங்கும் நடுங்கவேண்டும். இது ஏன் எப்போதும் ஒரே பக்க எல்லைக்கு மட்டும் பாய்கிறது?” என்று கேட்டான். அந்தக் கேள்வியை நான் முதல் நாளே கேட்டிருக்கவேண்டும்.

விடை அழுத்தமானியின் பாடத்திலேயே இருக்கிறது. ஓர முனைகளில் ஒன்றுக்குச் செல்லும் கம்பி அறுந்தால், தடத்தினூடே மின்னோட்டம் நின்றுபோகும். மின்னோட்டம் இல்லையேல் தடத்தின் நீளத்தில் வோல்ற்றளவு இறங்க வழியில்லை. தடம் முழுவதும், அறுபடாத மற்ற முனையின் வோல்ற்றளவிலேயே நிற்கும். வழுக்குத் தொடுகை எங்கு நின்றாலும் அந்த ஓர் எல்லையையே சொல்லும். அறுந்தது நடுமுனையின் கம்பியானால் அளவு எங்கும் நில்லாது அலையும். தடத்தின் தேய்வோ வேறு விதமாகத் தெரியும்: தண்டு பெரும்பாலும் நடுவிலேயே நிற்பதால் அந்த இடமே முதலிற் தேய்ந்து, அங்கு வரும்போது மட்டும் நடுக்கம் காணும். தண்டு நடுவுக்குத் திரும்பாமல் சோர்ந்து நின்றால், மின்னை விட்டு விற்சுருளைப் பார்க்கவேண்டும்.

நான் மானியை வைத்தது தடையின் முனைகளில். கம்பி அங்கிருந்து புறப்பட்டு மின்சுற்றுப் பலகையிற் செருகும் செருகியில் முடிகிறது. இம்முறை செருகியைக் கழற்றி, அதன் ஊசிகளில் மானியை வைத்து, கம்பியை விரலால் மெல்ல வளைத்தோம். 5,000 ஓம் காட்டிய முள் சட்டென்று முடிவிலிக்கு ஓடிற்று. விரலை எடுத்ததும் திரும்பிவந்தது. தண்டோடு சேர்ந்து பல்லாயிரம் தடவை வளைந்த கம்பி, மேலுறை முழுமையாயிருக்க உள்ளே இற்றுப்போயிருந்தது. நான் துப்புரவு செய்தபோது கை பட்டதில் அறுந்த நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. திரவம் செய்த வேலை எதுவுமில்லை! காரணம் தெரியாமல் மறைந்த பழுதைத் தீர்ந்த பழுதென்று நான் எண்ணிக்கொண்டேன்.

மூன்று கம்பிகளையும் மாற்றி, பல இழைகள் முறுக்கிய மென்மையான கம்பியாகத் தேர்ந்து, தண்டு எந்த எல்லைக்குச் சென்றாலும் இழுபடாதபடி சிறு வளையம் விட்டுப் பற்றாசு பிடித்தோம். காந்தத்தைக் கொண்டு கோணமறியும் புதுவகைத் தண்டுகளும் இப்போது கிடைக்கின்றன. அவற்றில் உராயும் தடம் இல்லை. ஆயினும் அவற்றுக்கும் கம்பி உண்டு.

இவ்வகைப் பொழுதுபோக்கு வெறும் விளையாட்டென்று எண்ணும் பெற்றோர் சென்னைப் பக்கமும் ஒருமுறை பார்க்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குரோம்பேட்டை எம்.ஐ.ரி. கல்லூரியின் ‘தக்‌ஷா’ குழுவினர், 2018இல் ஆஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்தில் ஆளில்லா விமானத்தால் மருத்துவத் தேவைக்கு உதவும் போட்டியொன்றில் இரண்டாம் இடம் பெற்றனர். அக்குழுவுக்கு ஆலோசகராயிருந்த நடிகர் அஜித்குமார், மாதிரி விமானங்களைத் தாமே பறக்கவிடுவதில் ஆர்வங்கொண்டவர். எமது கிளிநொச்சி அறிவியல் நகரிலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது.

எனினும் வன்னியில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2009 வரையில் ஆளில்லா வேவு விமானத்தை எம்மவர் ‘வண்டு’ என்றே அழைத்தனர். வண்டு இரைந்தால் அடுத்து எறிகணை வரும் என்று பதுங்குகுழிக்கு ஓடிய காலம் அது. மாணவனின் விமானம் எழும்போதெல்லாம் மூன்றாம் வீட்டு ஆச்சி உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொள்வார் என்பது இந்தப் பழுதுபார்ப்பின்போதுதான் எனக்குத் தெரியவந்தது. அவனுக்கோ அந்த இரைச்சல் நினைவில் இல்லை.

மறுபடியும் பறக்கவிடுமுன், விசிறியில்லாமல் ஒரு மணி நேரம் தண்டுகளை ஆட்டித் திரைக் கோடுகளைக் கவனித்தோம். செலுத்தியின் வலுவைக் குறைத்துவைத்து, முப்பது அடி விலகிநின்று, ஒவ்வொரு தட்டும் சொற்கேட்கிறதா என்று பார்த்தோம். செலுத்தியை அணைத்தால் மோட்டார் தானாக நிற்கிறதா என்றும் பார்த்தோம். பறக்கும் இடத்தை வீடுகளிலிருந்து அரைக் கட்டை தள்ளி, ஆள்நடமாட்டமற்ற தரிசுக்கு மாற்றினோம். புறப்படுமுன் மாணவன் ஆச்சியின் படலையடிக்குச் சென்று, “ஆச்சி, இன்றைக்கு நாலு மணிக்கு என்னுடைய பிளேன் பறக்கும். சத்தம் கேட்டால் அது நான்தான்,” என்று சொல்லிவிட்டு வந்தான். “எத்தனை மணி வரைக்கும் மேனை?” என்று கேட்டாராம் ஆச்சி. ஐந்துக்குள் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.