அரையாண்டு லீவுக்குக் கப்பல்: எதைப் பார்த்து முடிவு செய்வது?

கொஞ்சம் நீளமான பதிவு. டிசம்பரில் குடும்பத்தோடு சொகுசுக் கப்பலில் போகலாம் என்று யோசிப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதமாகக் கப்பல் சண்டை. சென்னையில் இருக்கும் மகனுக்குச் சிங்கப்பூரில் இருந்து கிளம்பும் பெரிய கப்பல்தான் வேண்டும். கோவையில் இருக்கும் மகள், "நம்ம நாட்டுக் கப்பலே இருக்கு, விசா தேவையில்ல, எதுக்குப்பா வீண் செலவு" என்கிறாள். பேரப்பிள்ளைகள் மூன்று பேரும் டிஸ்னி கட்சி. என் மனைவி மட்டும், "கொடைக்கானல் போனா ஆகாதா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். தீர்ப்புச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டு எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன்.

எழுதிப் பார்த்ததில் தெளிவானது இதுதான். கம்பெனி பெயரைக் கடைசியாகப் பார்த்தால் போதும். முதலில் எந்தக் கடல், எந்த மாதம் என்று பாருங்கள். அடுத்து, நம் வீட்டில் நடக்கச் சிரமப்படுபவர் யார் என்று பாருங்கள். மூன்றாவதாக மொத்தச் செலவைக் கூட்டுங்கள். இந்த மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் எழுதினால் எந்தக் கப்பல் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

முதலில் கடல்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து லீவு விடுவது டிசம்பர் 24-ஐ ஒட்டி. அது வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தின் கடைசிப் பகுதி. வங்காள விரிகுடாவை அந்த நேரத்தில் நம்ப முடியாது. தனுஷ்கோடியை அழித்த புயல் வந்தது 1964 டிசம்பர் 22 இரவு. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடலே இல்லாத நம் திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ளேயே 2018 நவம்பரில் கஜா வந்து போனது. நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று பயணிகள் கப்பல் விட்டார்கள். சில நாட்களிலேயே பருவமழையைச் சொல்லி நிறுத்தினார்கள். மறுபடி ஓடியது 2024 ஆகஸ்டில்தான். ஆகவே டிசம்பரில் கிழக்குக் கரையில் இருந்து கடல் பயணம் என்று யாராவது சொன்னால் யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

அரபிக்கடல் டிசம்பரில் பொதுவாக அமைதி. அது கொந்தளிப்பது ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்றின்போது. 2017 டிசம்பர் தொடக்கத்தில் லட்சத்தீவைத் தாக்கிய ஒக்கி புயல் போல விதிவிலக்கும் உண்டு. மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேயா. இரண்டும் சுவர் மாதிரி நிற்பதால் பெரிய அலை குறைவு. டிசம்பரில் சிங்கப்பூரில் மழை பெய்யும், குடை வேண்டும். அதற்காகக் கப்பல் ஆடாது.

இனி கப்பல்கள்.

கார்டீலியா நம் நாட்டுக் கம்பெனி. 2022 ஜூனில் சென்னையில் முதலமைச்சர் கொடியசைத்துத் தொடங்கி வைத்தது நினைவிருக்கும். கோடையில் சென்னைப் பக்கமும், குளிர்காலத்தில் மும்பை, கோவா, கொச்சி, லட்சத்தீவுப் பக்கமும் ஓடுவது அதன் வழக்கம். இது பருவத்துக்குப் பொருத்தமான ஏற்பாடு. அதன் எம்ப்ரஸ் கப்பல் 1990-ல் கட்டப்பட்டது, ஏறத்தாழ 48,500 டன். உள்நாட்டுப் பயணம் என்றால் பாஸ்போர்ட், விசா தொல்லை இல்லை. சைவச் சாப்பாட்டுக்கும் கவலை இல்லை. பாஸ்போர்ட் எடுக்காத குடும்பம், முதல் முறை கப்பல் ஏறுகிறவர்கள், இரண்டு மூன்று நாள் போதும் என்பவர்கள் இதைத் தாராளமாக எடுக்கலாம். மகள் சொன்னதில் தப்பில்லை.

சிங்கப்பூரில் ஜென்டிங் ட்ரீம் இருக்கிறது. 2016-ல் கட்டியது, ஒன்றரை லட்சம் டன், மூவாயிரத்துக்கும் மேல் பயணிகள். இந்தியர்கள் நிறையப் போவதால் இந்தியச் சைவ உணவு, ஜைன உணவு எல்லாம் உண்டு. ராயல் கரீபியன் கப்பல்கள் பருவத்துக்குப் பருவம் அங்கே வந்து போகும். அவை இன்னும் பெரியவை, நாலாயிரத்துக்கும் மேல் பயணிகள் போகலாம். வாலிபப் பிள்ளைகளுக்கு விளையாட்டு அதிகம். சென்னைக்கு நாம் போவதைவிடத் திருச்சிக்குப் போவது சுலபம். அங்கிருந்து சிங்கப்பூருக்கு நேராக விமானம் இருக்கிறது. வேடசந்தூர்க்காரர்களுக்கு இது பெரிய வசதி.

டிஸ்னி பற்றிப் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு செய்தி சொன்னேன். டிஸ்னி அட்வென்ச்சர் என்ற கப்பல் சிங்கப்பூரில் இருந்து 2025 டிசம்பர் 15-ல் முதல் பயணம் போகும் என்று அறிவித்தார்கள். பிறகு 2026 மார்ச் 10-க்குத் தள்ளிவிட்டார்கள். அந்த டிசம்பருக்கு விமான டிக்கெட்டும் சேர்த்து எடுத்து வைத்தவர்கள் பாடு என்ன ஆகியிருக்கும்? புதுக்கப்பலின் முதல் தேதியை நம்பி, பணம் திரும்ப வராத விமான டிக்கெட் எடுக்காதீர்கள். இன்னொன்று, அந்தக் கப்பல் எந்த ஊரிலும் நிற்காது. கடலைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். ஊர் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அது சரிப்படாது.

அடுத்து பணம்.

ஒரு ஏஜென்ட் தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார். மகிழ்ச்சியாக இருந்தது. கேள்வி கேட்கக் கேட்கத் தொகை ஏறியது. அவர் சொன்னது ஓர் அறையில் இரண்டு பேர் என்ற கணக்கில், ஜன்னல் இல்லாத உள்ளறைக்கு. துறைமுகக் கட்டணம் தனி. ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளும் தனி. வரி தனி. வைஃபை தனி. இறங்கி ஊர் சுற்ற வண்டி தனி. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரம் என்பதால் விலையே மற்ற மாதங்களைவிடக் கூடுதல். எனவே விளம்பர விலைகளை ஒப்பிடாதீர்கள். வீட்டு வாசலில் கிளம்பி வீட்டு வாசலில் வந்து இறங்கும் வரை ஆகும் மொத்தத்தை இரண்டு கப்பலுக்கும் எழுதி ஒப்பிடுங்கள். மூன்றாவது, நாலாவது ஆளாக அதே அறையில் பிள்ளைகளைச் சேர்த்தால் கட்டணம் பெரும்பாலும் குறையும், கேளுங்கள். சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் வகையா என்று பாருங்கள், கப்பல் வெளியே போய்த் திரும்பி வருகிறது அல்லவா? கடலில் போனை ஏரோப்பிளேன் மோடில் வையுங்கள். கப்பலின் நெட்வொர்க் தானாகப் பிடித்துக்கொண்டால் பில்லைப் பார்த்து மயக்கம் வரும்.

என் மனைவி கேட்ட கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். கடன் வாங்கிப் போகும் அளவுக்கு இது அவசியமான விஷயம் இல்லை. கையில் இருக்கும் பணத்தில் முடிந்தால் போகலாம். இல்லையென்றால் கொடைக்கானல் எங்கேயும் போய்விடாது.

இப்போது நான் தலைகுனிந்த இடத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் மொத்தம் பத்துப் பேர். மகன் போட்ட கணக்கிலும் மகள் போட்ட கணக்கிலும் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். விடுபட்டது என் அம்மா. வயது 84, முழங்கால் தேய்மானம். "அப்பத்தாவ அத்தை வீட்ல விட்டுட்டுப் போலாம்ப்பா, அவங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றான் மகன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் சரி என்றுதான் தலையாட்டினேன்.

அன்று ராத்திரி அம்மா கேட்டார், "அந்தக் கப்பலு பினாங்கு போகுமாடா?"

அம்மாவின் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறிப் பினாங்கு போனவர். ரஜூலா 1926-ல் கட்டிய கப்பல். 1973 வரை நம் ஜனங்களை அக்கரைக்கும் இக்கரைக்கும் சுமந்தது. அதில் பெரும்பாலானவர்களுக்கு அறை கிடையாது, மேல்தளத்தில் பாயும் தகரப் பெட்டியும்தான். தாத்தா எட்டு வருஷம் கழித்து வந்தபோது அம்மாவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லையாம். அந்த ஊர் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்ற ஆசை அம்மாவுக்கு உண்டு என்பதே எனக்கு இத்தனை வயதில்தான் தெரியும்.

அதற்குப் பிறகு நோட்டில் ஒரு புதுப் பக்கம் ஆரம்பித்தேன். நடக்க முடியாதவரை வைத்துப் பார்த்தால் கேள்விகளே மாறிவிடுகின்றன. கப்பல் துறைமுக மேடையில் கட்டுமா, நடுக்கடலில் நங்கூரம் போட்டுச் சிறு படகில் இறக்குமா? லட்சத்தீவில் படகுதான். புக்கெட்டிலும் பெரும்பாலும் படகுதான். ஆடுகிற படகில் அம்மாவால் கால் வைக்க முடியாது. பினாங்கில் ஜார்ஜ்டவுன் ஊருக்குள்ளேயே கப்பல் மேடையில் கட்டும், சக்கர நாற்காலியில் இறக்கிவிடலாம். அறை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருந்தால் ஆட்டம் குறைவு. லிப்ட் பக்கம் இருக்க வேண்டும். கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் கட்டணம் அதிகம். காப்பீடு இல்லாமல் ஏறக் கூடாது. 84 வயதுக்குக் காப்பீட்டுத் தொகையும் கூடும், நிபந்தனைகளும் கூடும். பணம் கட்டும் முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். அதைத் தட்டிக் கழிக்காதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் கோஸ்டா கன்கார்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்றைக்கு ஏறியவர்களுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ பயிற்சி நடத்த வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். முதியவர் இருந்தால் அவரை எந்த வழியில், யார் அழைத்துப் போவது என்று அன்றே பேசிக்கொள்ளுங்கள்.

எங்கள் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் இருந்து பினாங்கில் நிற்கும் பயணத்திட்டம் எந்தக் கப்பலில், எந்தத் தேதியில் இருக்கிறதோ அதுதான் எங்கள் கப்பல். மாடி அறை வேண்டாம், பால்கனி வேண்டாம். அதில் மிச்சமாகும் பணம் அம்மாவின் காப்பீட்டுக்கு. அம்மாவுக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பித்தாகிவிட்டது. மருத்துவர் பார்த்து, போகலாம் என்று சொன்ன பிறகுதான் முன்பணம் கட்டுவோம். அவர் வேண்டாம் என்றால் பத்துப் பேரும் வேனில் நாகப்பட்டினம் போய், தாத்தா கப்பல் ஏறிய கரையைப் பார்த்துவிட்டு வருவோம். மகன் இதற்கு முகம் சுளித்தான், பிறகு ஒத்துக்கொண்டான்.

நீங்களும் கப்பல் பார்க்க உட்காரும்போது முதலில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். எண்ணிக்கையில் யாராவது விடுபட்டிருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு விலையைப் பாருங்கள்.