மின்சார மீனும் நம் கண்மாய் மீனும்

கண்மாய்க்குப் புதுத்தண்ணீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் போதும். அன்றிரவே வரத்துக்கால் வாயில் வலையும் ஊத்தாவுமாக ஆட்கள் கூடிவிடுவார்கள். தண்ணீரை எதிர்த்து ஏறிவரும் கெண்டையும் கெளுத்தியும் வயிறு கொள்ளாத சினையோடு இருக்கும். சினை மீனுக்குத் தனி ருசி என்று அதற்குச் சமாதானம் வேறு. இந்த வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. காரணத்தை விளக்கத் தென் அமெரிக்க மீன் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமேசான் ஆற்றுப் பகுதியில் மின்சாரம் உண்டாக்கும் மீன்கள் பல உண்டு. அவற்றில் பெயர் பெற்றது மின்விலாங்கு. அதன் ஓர் இனம் 860 வோல்ட் வரை பாய்ச்சுவதை 2019-ல் அளந்திருக்கிறார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது ஐஜென்மானியா என்ற சிறு மீனை. நம் சொட்டைவாளையைப் போலக் கத்தி உருவம் கொண்டது. அதன் மின்சாரம் கையில் பட்டாலும் தெரியாது. இருட்டில் வழி கண்டுகொள்ளவும், தன் இனத்தை அடையாளம் காணவும் மட்டுமே அதற்கு அது உதவுகிறது. முட்டையிடும் இரவில் ஆண் மீன் தன் மின்துடிப்பை அடிக்கடி சற்றே நிறுத்தி நிறுத்திப் பெண் மீனை அழைக்கும்.

இந்த மீன் மழைக்காலத்தில்தான் முட்டையிடுகிறது. மழைக்காலம் வந்தது அதற்கு எப்படித் தெரியும்? பூமத்திய ரேகையை ஒட்டிய நாட்டில் பகல் பொழுது அதிகம் கூடிக் குறைவதில்லை. வெப்பமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஜெர்மன் ஆராய்ச்சியாளர் ஃபிராங்க் கிர்ஷ்பாம் இதற்கு விடை கண்டு 1975-ல் வெளியிட்டார். தொட்டியில் மீனை விட்டு, வெப்பத்தையும் வெளிச்சத்தையும் மாற்றாமல், உப்பில்லாத நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்தார். நீர்மட்டத்தை உயர்த்தினார். மேலிருந்து மழைபோல் தூவினார். மீன்களுக்குச் சினை முதிர்ந்து, முட்டையும் இட்டன. ஆப்பிரிக்காவின் யானைமூக்கு மீன் குடும்பத்தில் சில இனங்களுக்கு உப்பு குறைந்தாலே போதுமாக இருந்தது.

உப்பு என்றால் கடல் உப்பு அல்ல. மண் பரிசோதனைச் சீட்டில் மின்கடத்தும் திறன் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதுதான் இங்கே கணக்கு. கோடையில் நீர் வற்ற வற்ற உப்புச் செறிவு ஏறும். மழைநீர் கலந்ததும் இறங்கும். தொட்டியில் உப்பை மறுபடி ஏற்றியபோது முதிர்ந்த சினையும் சுருங்கிப்போயிற்று. இந்த இடம்தான் என்னை யோசிக்க வைத்தது. அந்த மீன் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, நீரைப் பார்க்கிறது. நீரின் அடையாளம் தவறினால் அந்தப் பருவமே வீண்.

மின்விலாங்கின் வழக்கம் வேறு. வறண்ட மாதங்களிலேயே ஆண் விலாங்கு எச்சில் நுரையால் கூடு கட்டிக் குஞ்சுகளைக் காக்கிறது. மழை வரும்போது குஞ்சுகள் வெள்ளத்தோடு பிரிந்து போகத் தயாராக இருக்கும். வழி வேறானாலும் வெள்ளத்தை நம்பித்தான் அதுவும் கணக்குப் போடுகிறது.

நம் மீன்களுக்கு மின்சாரம் இல்லை. எல்லா மீனுக்கும் ஒரே அடையாளம்தான் என்றும் நான் வாதிடவில்லை. ஆயினும் ரோகு, கட்லா, மிர்கால் ஆகியவை தேங்கிய குளத்தில் சினை முதிர்ந்தாலும் முட்டையிடுவதில்லை. 1957-ல் ஹீராலால் சௌத்ரி ஒடிசாவில் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி முட்டையிடச் செய்த பிறகுதான் குஞ்சுப் பண்ணைகள் பெருகின. அதற்கு முன்பே வங்காளத்துக் குடியானவர்கள் மேட்டு நிலத்து மழைநீரைக் கரை கட்டிய பள்ளத்தில் பாய்ச்சி, அதிலேயே இவற்றை முட்டையிட வைத்திருக்கிறார்கள்.

குஞ்சு வாங்கி விட்டால் போயிற்று என்பார்கள் சிலர். ரோகுவுக்கு அது சரி. அயிரையையும் கெளுத்தியையும் நம் கண்மாயில் யார் வாங்கி விடுகிறார்கள்? அவை தாமாகப் பெருகினால்தான் உண்டு. வரத்துக்கால் தூர்ந்து, கருவேலம் அடைத்து, வெள்ளம் வராத கண்மாயில் கடைசியில் மிஞ்சுவது ஜிலேபிக் கெண்டைதான். 1952-ல் நம் நாட்டுக்கு வந்த அந்த மீனுக்குப் புதுத்தண்ணீர் தேவையில்லை. தேங்கிய நீரிலேயே குஞ்சு பொரித்து வாயில் வைத்துக் காத்துக்கொள்ளும்.

ஆகவே மீன்பாசிக் குத்தகை எழுதும்போது இரண்டு வரி சேர்த்து எழுதச் சொல்கிறேன். முதல் வெள்ளம் வந்து பத்து நாளைக்கு வரத்துக்கால் வாயிலும் கலுங்கிலும் வலையோ கூடோ வைக்கக்கூடாது. மழைக்கு முன்பே வரத்துக்காலைத் தூர்வாரி, முள்ளை வெட்டிவிட வேண்டும். குத்தகைக்காரர் முதலில் முணுமுணுப்பார். பத்து நாள் விட்ட சினையை மாசி, பங்குனியில் அவரேதான் வலைபோட்டு அள்ளப் போகிறார் என்பதை எடுத்துச் சொன்னால் ஒப்புக்கொள்வார்.