லேபிளைப் பார்க்காதீர்கள், விளையாடிப் பாருங்கள்!

வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? முதல் மாதமே ஒன்று நடக்கும். சின்ன வயதில் டிவியில் விளையாடிய பழைய வீடியோ கேம்களை இன்டர்நெட்டில் தேடுவீர்கள். 'கான்ட்ரா' இருக்கிறதா, 'மரியோ' இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். அப்போது வேறொரு பட்டியலும் கண்ணில் படும். 'இந்தக் கம்பெனிகளின் கேம்களைத் தொடவே தொடாதீர்கள்' என்று எச்சரிக்கும் பட்டியல். இந்தப் பட்டியல்களோடுதான் எனக்குச் சண்டை.

இவற்றில் அடிபடும் பெயர்கள் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, அமெரிக்காவின் எல்ஜேஎன். இன்னொன்று, தைவானின் என்டிடெக். 'குப்பை கேம் கம்பெனிகள்' என்று இரண்டுக்கும் முத்திரை குத்திவிட்டார்கள். என்டிடெக் கேம் ஒன்றை நான் பேர் தெரியாமலே விளையாடி வளர்ந்தவன். அதனால் எனக்குக் கொஞ்சம் பேச உரிமை இருக்கிறது.

ஜாய்ஸ்டிக்குக்கும் பாடு முறை

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம்தான் என் ஊர். 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் வீட்டுக்கும் ஒரு 14 இஞ்ச் டிவி வந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா சென்னை பர்மா பஜாரிலிருந்து ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட 'ஃபேமிகாம்' கருவியின் நகல் அது. இப்படிப்பட்ட நகல்கள் நம் நாட்டில் 'சாமுராய்', 'மீடியா' போன்ற பெயர்களில் விற்றன. எங்களிடம் இருந்ததில் எந்தப் பெயரும் இல்லை!

எங்கள் ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இறால் வலையை எந்த இடத்தில், எந்த நாள், யார் போடுவது என்று முறை வைத்துக்கொள்வார்கள். ஒரு ஜாய்ஸ்டிக், எட்டுப் பையன்கள். நாங்களும் பாடு வைத்துத்தான் விளையாடினோம்.

ஒரு காட்ரிட்ஜில் '9999999 இன் 1' என்று போட்டிருக்கும். ஆன் செய்தால் கடற்கரையும் பறவைகளும் தெரியும். பட்டியலில் கேம் பெயர்கள் வரிசையாக ஓடும். உண்மையில் உள்ளே இருந்தவை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்! இன்னொரு காட்ரிட்ஜில் லேபிளே கிடையாது. அதில்தான் அந்தப் பெட்டி தள்ளும் கேம் இருந்தது. ஒரு கிடங்கு. அதில் சில பெட்டிகள். ஒவ்வொன்றையும் குறித்த இடத்துக்குத் தள்ள வேண்டும். தள்ளலாம், இழுக்க முடியாது. சுட வேண்டாம், ஓட வேண்டாம். பையன்கள் யாரும் அதைத் தொட மாட்டார்கள். எனவே அதற்கு மட்டும் எனக்கு முழுப் பாடு!

ஒரு நாள் மத்தியானம் அப்பா வலையைப் பின்னிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை டிவி கேம் என்றால் 'நிறுத்துடா' என்பது மட்டும்தான் அவர் பேச்சு. அன்றைக்கு, "டேய், மூலைல தள்ளிட்ட பாரு. இனிமே அது வராது" என்றார். எனக்கு ஆச்சரியம். ஏரியில் தண்ணீர் ஆழம் குறைவு. கழி ஊன்றித்தான் படகைத் தள்ள வேண்டும். படகைத் தப்பான இடத்தில் கொண்டுபோய்ச் செருகினால் என்ன ஆகும் என்பது அவருக்குக் கை பழக்கம். அன்றிலிருந்து சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்தே உட்காருவோம். "மொதல்ல கடைசிப் பெட்டிய யோசி, அப்புறம் முன்னாடி வா" என்பார். அப்பா என்னோடு விளையாடிய ஒரே வீடியோ கேம் அதுதான்.

பெயர் தெரிந்தபோது

பிளஸ் டூ படிக்கும்போது, 2014-இல், அரசு இலவச லேப்டாப் கிடைத்தது. அதுதான் என் முதல் கம்ப்யூட்டர். சில நாள் தேடியதில் அந்தக் கேமின் பெயர் தெரிந்தது: 'போர்ட்டர்'. தயாரித்தது என்டிடெக். 1992-இல் 'கால்ட்ரான் 6 இன் 1' என்ற காட்ரிட்ஜில் வேறு ஐந்து கேம்களோடு அமெரிக்காவில் விற்றிருக்கிறார்கள்.

அந்த ஐந்தையும் பிறகு விளையாடிப் பார்த்தேன். 'பலூன் மான்ஸ்டர்' மேலே சுட்டுப் பலூன்களை உடைக்கும் கேம். 'புக்கிமேன்' சந்து சந்தாக ஓடி வழி முழுக்க வண்ணம் பூசும் கேம். 'மேஜிக் கார்ப்பெட் 1001' பறக்கும் கம்பளத்தில் போய்ச் சுடும் கேம். 'ஆடம் அண்ட் ஈவ்', 'காஸ்மோகாப்' மற்ற இரண்டு. காஸ்மோகாப் எனக்குப் பிடிக்கவில்லை. இசை சீக்கிரமே காதைக் குடையும். ஆனால் போர்ட்டரும் பலூன் மான்ஸ்டரும் இன்றைக்கும் அரை மணி நேரத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். ஃபேமிகாமில் வேலை செய்ய இருக்கும் நினைவகம் வெறும் 2 கேபி. உங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதைப்போல் ஆயிரம் மடங்கு இருக்கும். அதற்குள் இதைச் செய்தவர்களைக் குப்பை என்று சொல்ல, சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் எனக்கு மனம் வரவில்லை.

திருடனுக்கு வக்காலத்தா?

நியாயமான கேள்வி. என்டிடெக் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. அடுத்தவர் கேம்களை நகலெடுத்து விற்றார்கள். நின்டெண்டோவின் பெயரையே தங்கள் பெயரில் சேர்த்துக்கொண்டார்கள். வழக்கு நடந்து, 1993-இல் அமெரிக்காவின் அரிசோனா நீதிமன்றம் நின்டெண்டோவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. சொந்தக் கேம்களிலும் யோசனை பெரும்பாலும் இரவல்தான். போர்ட்டரின் மூலம் ஜப்பானில் 1982-இல் வெளியான 'சோகோபான்'. பலூன் மான்ஸ்டரின் மூலம் 1989-இல் வந்த 'பாங்'.

கம்பெனி செய்தது தப்பு. அதை மறைக்க வேண்டாம். ஆனால் கம்பெனியின் நடத்தை வேறு, கேமின் தரம் வேறு. இரண்டையும் ஒரே தராசில் போடக் கூடாது என்பதுதான் என் வாதம்.

எல்ஜேஎன் கதை இதைவிடத் தெளிவு. அது ஒரு பொம்மைக் கம்பெனி. சினிமாப் பெயர்களை உரிமம் வாங்கி, கேம் செய்யும் வேலையை வெளியே கொடுத்துவிடும். அதாவது அது பதிப்பாளர் மட்டுமே. உள்ளே வேலை செய்தவர்கள் வேறு. உதாரணமாக, 1990-இல் வந்த 'டபிள்யூடபிள்யூஎஃப் ரெஸில்மேனியா சேலஞ்ச்' கேமை எழுதியது இங்கிலாந்தின் ரேர் நிறுவனம். 1994-இல் 'டான்கி காங் கன்ட்ரி', 1997-இல் 'கோல்டன்ஐ 007' என்று உலகமே கொண்டாடிய கேம்களைச் செய்ததும் அதே ரேர்தான்! அட்டையில் எல்ஜேஎன் என்று இருந்தால் குப்பை என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

இன்னொரு வேடிக்கை. விற்காமல் தேங்கிய கால்ட்ரான் காட்ரிட்ஜ்களை டெக்சாஸில் 'மிரியட்' என்ற கம்பெனி வாங்கி, தன் லேபிளை ஒட்டி விற்றது. உள்ளே அதே ஆறு கேம்கள். இன்றைக்குச் சேகரிப்பவர்களிடையே அந்த மிரியட் காட்ரிட்ஜ் அரிய பொருள். பெரும் விலை கொடுக்கிறார்கள். அந்த விலை கேமுக்கா, லேபிளுக்கா?

எங்கள் ஊர் மீன் ஏலத்தில் வந்து பாருங்கள். வாங்குபவர் படகின் பெயரைக் கேட்க மாட்டார். செவுளைத் தூக்கிப் பார்ப்பார். எட்டுப் பையன்களும் அப்படித்தான் விளையாடினோம். எங்களுக்குக் கம்பெனிப் பெயரே தெரியாது. பிடித்ததை விளையாடினோம், பிடிக்காததை விட்டோம்.

நீங்கள் செய்ய வேண்டியது

பழைய கருவி போல் கம்ப்யூட்டரை நடிக்க வைக்கும் புரோகிராமுக்கு எமுலேட்டர் என்று பெயர். 'மெசன்', 'எஃப்சிஇயுஎக்ஸ்' இரண்டும் இலவசம். அவற்றை அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள்.

கேம் ஃபைல்கள் விஷயத்தில் கவனம் தேவை. பழைய கேம்களுக்கும் பதிப்புரிமை உண்டு. கண்ட தளத்தில் இறக்குவது சட்டப்படி சரியல்ல, பாதுகாப்பும் இல்லை. இந்தக் காலத்து கேம்களின் ஃபைல்கள் பெரும்பாலும் 1 எம்பிக்கும் குறைவு. அதற்கென்று 50 எம்பியில் ஒரு 'இஎக்ஸ்இ' ஃபைல் வந்தால் டபுள் க்ளிக் செய்யவே செய்யாதீர்கள். அது வைரஸாக இருக்க வாய்ப்பு அதிகம். போர்ட்டரின் சுவை தெரிய வேண்டுமானால், சோகோபான் வகையில் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் கேம்கள் நிறைய இருக்கின்றன. அதில் தொடங்கலாம்.

அந்தப் பட்டியல்களைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. படியுங்கள். ஆனால் முடிவை நீங்களே எடுங்கள். ஒரு கேமுக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் போதும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். லேப்டாப்பில் பெட்டி தள்ளும் கேமைப் போட்டுக் காட்டினேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். யார் தயாரிப்பு என்று கேட்கவில்லை. "அவசரப்படாத, மூலைல போவுது பாரு" என்றார்.